இதயத்தின் மின்சாரம் – 9: வளையத்தை வெட்டச் சொன்னவர்

சென்ற வாரம் லெய்டன் நகரத்து ஐன்தோவனையும் அவருடைய இழைக் கால்வனோமீட்டரையும் பார்த்தோம். 1906இல் அவர் வெளியிட்ட படங்களுள் ஒன்றை இன்று எந்த இதய மருத்துவரிடம் காட்டினாலும் நொடியில் பெயர் சொல்லிவிடுவார். அதில் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இருக்க வேண்டிய தட்டையான அடிக்கோடு இல்லை. ரம்பப் பல் வரிசையாக, ஒரே அளவில், ஒரே இடைவெளியில் அலைகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன. இதுதான் ஏட்ரியல் ஃப்ளட்டர்.

அதற்கு முன்பே, 1887இல், ஸ்காட்லாந்தின் அபர்டீனில் மக்வில்லியம் என்ற உடலியலாளர் விலங்குகளின் இதய மேலறையில் மின்சாரம் பாய்ச்சி, அது வேகமாகவும் சீராகவும் படபடப்பதைக் கண்டு அதற்கு ஃப்ளட்டர் என்று பெயர் வைத்திருந்தார். மனிதரில் இது தனி நோய் என்று 1910–11இல் ஈசிஜி சான்றோடு எழுதியவர்கள் எடின்பரோவின் ஜாலியும் ரிச்சியும்.

நோயின் கணக்கு எளிது. மேலறை நிமிடத்துக்குச் சுமார் 300 முறை துடிக்கிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள ஏ.வி. கணு அத்தனையையும் கீழே விடாது. பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் விடும். ஆகவே நாடி 150. ஓய்வாகப் படுத்திருப்பவருக்கு நாடி அசையாமல் 150இல் நின்றால் ஃப்ளட்டரை நினை என்று மருத்துவ மாணவர்களுக்கு இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

கணக்கு எளிது, காரணம் எளிதாக இல்லை. நிமிடத்துக்கு 300 என்ற அந்தத் துடிப்பு எங்கிருந்து வருகிறது? மேலறையில் ஏதோ ஒரு புள்ளி வெறிகொண்டு மின்துடிப்புகளை வீசிக்கொண்டிருக்கிறதா? அல்லது தொடக்கமும் முடிவும் இல்லாத ஒரே அலை, ஏதோ ஒரு வட்டப் பாதையில் நொடிக்கு ஐந்து முறை சுற்றிவருகிறதா? மார்பின் மேல் ஒட்டிய மின்முனைகளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். இந்தக் கேள்விக்கு மனித இதயத்தில் விடை காண முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. ஆனால் விடையை எப்படித் தேட வேண்டும் என்பதை ஓர் இளைஞர் 1914லேயே சொல்லிவிட்டார்.

அவர் ஜார்ஜ் ரால்ஃப் மைன்ஸ். கேம்பிரிட்ஜில் படித்து, கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் உடலியல் கற்பிக்கப் போனவர். அவருக்கு முன்னோடி ஒரு ஜெல்லிமீன் ஆய்வாளர். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவை ஒட்டிய ட்ரை டார்டுகாஸ் தீவுகளில் ஆல்ஃபிரட் மேயர் என்பவர் ஜெல்லிமீனின் தசையை வளையமாக வெட்டி, அதில் ஒரு திசையில் மட்டும் ஓர் அலையைக் கிளப்பிவிட்டார். அலை வளையத்தை நாள்கணக்கில் சுற்றிக்கொண்டே இருந்தது. 1906இல் அதை வெளியிட்டார். மைன்ஸ் அதே சோதனையை ஆமை, மீன் ஆகியவற்றின் இதயத் தசையில் செய்தார். அலை எப்படித் தன் வாலைத் தானே தொடாமல் சுற்றுகிறது என்பதற்கு அவர் கொடுத்த விளக்கம் இன்றும் அசையவில்லை. ஒரு தசைநார் துடித்து முடித்ததும் சிறிது நேரம் எந்தத் தூண்டலுக்கும் மசியாது. அலை மெதுவாகப் போனால், அல்லது அந்த ஓய்வுநேரம் குறுகினால், அலை சுற்றிவருவதற்குள் முன்னால் உள்ள தசை மீண்டும் தயாராகிவிடும். அப்போது சுற்றுக்கு முடிவே இல்லை.

இதைவிடப் பெரிய கொடை ஒன்றையும் மைன்ஸ் விட்டுச் சென்றார். அலை சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால் அதை நம்ப மூன்று சான்றுகள் வேண்டும் என்றார். ஓரிடத்தில் ஒருவழித் தடை இருக்க வேண்டும். அலை கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து மீண்டும் கிளம்புவதைப் பார்க்க வேண்டும். மூன்றாவதாக, வளையத்தை ஓரிடத்தில் வெட்ட வேண்டும். வெட்டியதும் துடிப்பு நிற்க வேண்டும். மூன்றாவது ஏன்? வளையத்தில் ஒரு புள்ளி தானாகவே துடித்து, அதன் ஒரு பக்கத்தில் மட்டும் தடை இருந்தாலும், அலை ஒரே திசையில் வட்டமாகப் போவதாகவே தெரியும். வரிசையைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதே என்பதுதான் அவருடைய எச்சரிக்கை. 1914 நவம்பரில் ஒரு நாள் அவர் தன் ஆய்வகத்தில், உடலில் கருவிகள் இணைந்திருந்த நிலையில், நினைவிழந்து கிடந்தார். அன்றே இறந்தார். வயது 28.

இந்தத் தொடரில் நாம் சந்தித்தவர்களுள் இத்தனை குறைந்த காலத்தில் இத்தனை தெளிவாக யோசித்தவர் வேறு யாரும் இல்லை என்றே நினைக்கிறேன். இந்த அத்தியாயத்தில் இனி வருகிறவர்கள் எல்லோரையும் அவருடைய மூன்றாவது சோதனையை வைத்தே அளக்கப் போகிறேன்.

*

முதலில் லண்டனின் தாமஸ் லூயிஸ். 1920இல் அவரும் ஃபைல், ஸ்ட்ரவுட் ஆகியோரும் நாய்களின் மேலறையில் ஃப்ளட்டரைக் கிளப்பி, தசையின் மேலேயே மின்முனைகளை இடம் மாற்றி மாற்றி வைத்து, அலை எப்போது எந்த இடத்தைக் கடக்கிறது என்று குறித்தார்கள். மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை என்ற இரண்டு பெருஞ்சிரைகளின் வாயைச் சுற்றி அலை வட்டமிடுகிறது என்பது அவர்கள் முடிவு. அடுத்த ஆண்டு நோயாளிகளின் மார்பிலிருந்து எடுத்த வரைபடங்களைக் கொண்டு மனிதரிலும் அப்படியே என்று லூயிஸ் குழு எழுதியது. வட்டம் என்றது சரி. எதைச் சுற்றி என்பதில்தான் மனித இதயம் அவர்களுக்குப் பிடிகொடுக்கவில்லை.

பிறகு வந்தது நீண்ட வழக்கு. மெக்சிகோவில் ரோசன்புளூத்தும் கார்சியா ராமோஸும் 1947இல் நாயின் இரண்டு பெருஞ்சிரைகளுக்கும் நடுவே உள்ள தசையை நசுக்கி, அந்தத் தடையைச் சுற்றி நிலையான ஃப்ளட்டரை உண்டாக்கிக் காட்டினார்கள். அதே ஆண்டு டேவிட் ஷெர்ஃப், அகோனிட்டின் என்ற நச்சை மேலறையின் ஒரு புள்ளியில் செலுத்தி அங்கிருந்தே ஃப்ளட்டரைக் கிளப்பினார். பிரின்ஸ்மெட்டல் வேகத் திரைப்படக் கருவியோடு வந்து புள்ளிக் கட்சியில் சேர்ந்தார். இரண்டு கட்சிகளும் விலங்குகளில் தாங்களே உண்டாக்கிய ஃப்ளட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. நோயாளியின் ஃப்ளட்டரைக் கேட்க அவருடைய இதயத்துக்குள் போயாக வேண்டும்.

போகும் வழி 1929லேயே திறந்திருந்தது. ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் தன் கைச் சிரை வழியாகத் தன் இதயத்துக்குள்ளேயே கேத்தீட்டரைச் செலுத்திப் படம் எடுத்துக்கொண்ட கதையைப் படித்திருப்பீர்கள். அந்தக் குழாயின் முனையில் மின்முனையை வைத்து, 1945இல் பாரீஸில் லெனேக்ரும் மோரிஸும் வலது மேலறை, கீழறை ஆகியவற்றின் மின்னோட்டத்தை உள்ளிருந்தே பதிவுசெய்தார்கள். மொன்பெல்லியே நகரத்து போல் பூய்ஷ் அதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். மேலறையின் மின்செயல் பற்றி 1956இல் அவர் தனி நூலே எழுதினார். பல இடங்களில் கேத்தீட்டரை வைத்து ஃப்ளட்டர் நோயாளிகளின் மேலறையைப் பதிவுசெய்த அவர், 1970 வாக்கில் ஒரு வரிசையை உறுதியாகச் சொன்னார்: அலை இரண்டு மேலறைகளுக்கும் நடுவே உள்ள சுவரில் கீழிருந்து மேலே ஏறுகிறது, வலது மேலறையின் வெளிச்சுவரில் மேலிருந்து கீழே இறங்குகிறது.

இதயத்தின் உள்ளே எடுக்கும் பதிவு ஈசிஜியிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதை இங்கே நின்று பார்த்துவிடுவோம். இந்த வரலாறு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

நான்கு வீதியும் தேர் சுற்றுகிற ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே நிற்பவருக்கு மேளச் சத்தம் கேட்கும். தேர் ஓடுகிறது என்று தெரியும். எந்த வீதியில், எந்தப் பக்கமாக என்று தெரியாது. ஒவ்வொரு வீதியிலும் ஒருவரை நிறுத்தி, தேர் தன்னைக் கடக்கும் நொடியை எழுதச் சொன்னால், எல்லோருடைய குறிப்பையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்ததும் தேரின் பாதை வந்துவிடும். ஈசிஜி ஊருக்கு வெளியே நிற்பவர். கேத்தீட்டரின் மின்முனைகள் வீதியில் நிற்பவர்கள். சில மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு மின்முனைகளுக்கு நடுவே பதிவாகும்போது, தொலைவில் நடப்பவை பெரும்பாலும் கழிந்துபோய், அலை அந்த இடத்தைக் கடக்கும் கணம் மட்டும் கூர்மையான ஒரு கீற்றாக விழுகிறது.

இன்றைய கேத் லேப் (கேத்தீட்டர் சிகிச்சைக்கூடம்) திரையில் மேலே இரண்டு மூன்று வரிகள் ஈசிஜி. அதற்குக் கீழே உள்ளிருந்து வரும் வரிகள். வழக்கமான ஈசிஜி தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். இங்கே 100 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஓடவிடுவார்கள். சில மில்லி செகண்டு வித்தியாசமும் கண்ணில் பட வேண்டும் அல்லவா? கரோனரி சைனஸ் என்ற சிரைக்குள் ஒரு கேத்தீட்டர் இருக்கும்; அதன் வாய் நடுச்சுவரின் அடியில், வலது மேலறையில் திறக்கிறது. ஏ.வி. கணுவிலிருந்து கீழறைக்கு இறங்கும் ஹிஸ் கற்றையின் அருகே ஒன்று. ஹிஸ் கற்றையின் மெல்லிய கீற்றைக் கேத்தீட்டரால் தவறாமல் பதிவுசெய்யும் முறையை 1969இல் ஷெர்லாக் குழு நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் நிலைநாட்டிய பிறகுதான் இந்தத் துறை அன்றாட மருத்துவத்துக்குள் வந்தது. ஃப்ளட்டருக்கென்றே இன்னொன்றும் உண்டு. ஹாலோ என்ற வளைந்த கேத்தீட்டரில் 20 மின்முனைகள், அதாவது பத்து இணைகள். வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மூவிதழ் வால்வைச் சுற்றி அது படுத்திருக்கும். பத்தாவது இணை மேலே, நடுச்சுவர்ப் பக்கம். முதல் இணை வெளிச்சுவரின் அடியில்.

வழக்கமான ஃப்ளட்டரில் திரை என்ன காட்டும்? ஹாலோவின் பத்தாவது இணையில் முதல் கீற்று. சற்றுத் தள்ளி ஒன்பதாவதில். பிறகு எட்டாவதில். இப்படியே முதல் இணை வரை கீற்றுகள் சாய்வாக இறங்கிவரும். அதன்பின் கரோனரி சைனஸின் வாயில் ஒன்று, ஹிஸ் அருகே ஒன்று, மீண்டும் ஹாலோவின் உச்சியில். வால்வை அதன் கீழறைப் பக்கமிருந்து பார்ப்பதாக வைத்துக்கொண்டால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. சிலருக்கு இதே பாதையில் அலை தலைகீழாக ஓடும். சாய்வு மறுபக்கம் திரும்பும். ஒரு சுற்றுக்குச் சுமார் 200 மில்லி செகண்டு. அந்த 200க்குள் எந்தக் கணத்தை எடுத்தாலும் ஏதோ ஒரு மின்முனையில் கீற்று விழுந்துகொண்டிருக்கும். ஒரு புள்ளியிலிருந்து அலை வீசப்படுவதானால், அது மேலறை முழுதும் பரவி முடிந்தபின் அடுத்த வீச்சு வரை பெரும்பாலும் எங்கும் அமைதி இருக்கும். சுற்றோட்டத்தில் அந்த அமைதி இல்லை.

படிப்பவர் ஏமாறும் இடங்களும் உண்டு. ஹாலோ வால்வை ஒட்டி இருப்பதால் கீழறையின் துடிப்பும் அதில் விழும். மேலே ஓடும் ஈசிஜியோடு ஒத்துப் பார்த்து, கீழறைக் கீற்றைக் கழித்துவிட்டுத்தான் மேலறைக் கீற்றுகளை எண்ண வேண்டும். சில இடங்களில் ஒரே சுற்றில் இரண்டு கீற்றுகள் தெரியும். மேலறையின் பின்பக்கச் சுவரில் ஓடும் கிறிஸ்டா டெர்மினாலிஸ் என்ற தசைமேடு அத்தகைய இடம். அதன் ஒரு பக்கம் அலை இறங்கும்போது ஒரு கீற்று. மறுபக்கம் வேறு நேரத்தில் கடக்கும்போது இன்னொன்று. இரட்டைக் கீற்று என்றால் நடுவே அலை தாண்ட முடியாத ஒரு வரப்பு இருக்கிறது என்று பொருள். இந்த வரப்புகள்தான் வட்டத்தின் கரைகள் என்பதை 1990களின் நடுவில் சான்பிரான்சிஸ்கோவில் ஆல்ஜின், கால்மன், லெஷ் ஆகியோர், இதயத்துக்குள்ளேயே அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்த்து, நிறுவினார்கள். ஒரு கரை மூவிதழ் வால்வின் விளிம்பு. மறு கரை கிறிஸ்டாவும் கீழ்ப்பெருஞ்சிரையை ஒட்டிய மேடும்.

*

இத்தனையும் மைன்ஸின் இரண்டாவது சோதனைதான். வரிசையைப் பார்க்கிறோம். பார்த்தது போதாது என்று அவரே சொல்லிவிட்டாரே!

அடுத்த படியை எடுத்தவர் அலபாமாவில் இருந்த ஆல்பர்ட் வால்டோ. திறந்த இதய அறுவை முடிந்தவர்களுக்குச் சில நாள் மேலறையின் மேல் மெல்லிய கம்பிகளை விட்டுவைப்பது வழக்கம். அவர்களுள் சிலருக்கு ஃப்ளட்டர் வரும். வால்டோ அந்தக் கம்பிகள் வழியாக ஃப்ளட்டரைவிடச் சற்று வேகமாக மேலறையைத் தூண்டினார். ஃப்ளட்டர் நிற்கவில்லை, தூண்டலின் வேகத்துக்கே ஓடியது. தூண்டலை நிறுத்தினால் தன் பழைய வேகத்துக்குத் திரும்பியது. இன்னும் வேகமாகத் தூண்டினால் ஒரு கட்டத்தில் ஈசிஜியின் இரண்டாம் லீடில் அலைகளின் முகம் சட்டென்று மாறியது. அப்போது தூண்டலை நிறுத்தினால் ஃப்ளட்டர் போயிருந்தது. 1977இல் இதை வெளியிட்டார்.

இதன் பொருளை அவரும் பிறரும் அடுத்த ஆண்டுகளில் விரித்தார்கள். வட்டத்தில் அலையின் தலைக்கும் வாலுக்கும் நடுவே, தூண்டலை ஏற்கத் தயாரான ஓர் இடைவெளி இருக்கிறது. நாம் அனுப்பும் துடிப்பு அதற்குள் நுழைந்து இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வட்டத்தின் திசையிலேயே ஓடி அடுத்த சுற்றாகிவிடுகிறது. மற்றொன்று எதிர்த்திசையில் போய், முந்தைய சுற்றின் அலையோடு மோதி இரண்டும் மடிகின்றன. ஒரு புள்ளியிலிருந்து வீசப்படும் துடிப்பில் இப்படி நடக்காது. அதுவரை இதயம் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த மருத்துவர்கள் அன்றுமுதல் இதயத்தைக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

அந்தக் கேள்வி இன்று கேத் லேபில் அன்றாட வழக்கம். சந்தேகமான இடத்தில் கேத்தீட்டரை வைத்துத் தூண்டிவிட்டு நிறுத்துகிறார்கள். கடைசித் தூண்டலுக்கும், அதே இடத்துக்கு அலை திரும்பிவருவதற்கும் உள்ள நேரத்தை அளக்கிறார்கள். ஃப்ளட்டரின் ஒரு சுற்று 230 மில்லி செகண்டு, திரும்பிவரும் நேரம் 240 என்றால் அந்த இடம் வட்டத்தின் மேலேயே இருக்கிறது. 320 என்றால் அலை வட்டத்துக்குப் போய், சுற்றி, மீண்டும் கிளைவழியே வந்திருக்கிறது. அந்த இடம் வெறும் பார்வையாளர். வித்தியாசம் 20, 30 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பழக்கத்தில் உள்ள அளவு.

எங்கே வெட்டுவது என்பது இப்படித் தெளிந்துவந்தது. 1986இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் க்ளைனும் கிரோடனும், அறுவை மேசையில் மேலறையை நேரடியாக அளந்து, வட்டத்தின் ஒடுக்கமான பகுதி கீழ்ப்பெருஞ்சிரை, கரோனரி சைனஸின் வாய், மூவிதழ் வால்வு ஆகியவற்றுக்கு நடுவே இருப்பதைக் கண்டு, அங்கே உறையவைத்து அழித்தார்கள். மைன்ஸ் கேட்ட வெட்டு மனித இதயத்தில் விழுந்தது. 1992இல் சான்டியகோவின் ஃபெல்டும், 1993இல் மாட்ரிட்டை அடுத்த ஹெடாஃபேயின் பிரான்சிஸ்கோ கோசியோவும், மார்பைத் திறக்காமல், ரேடியோ அலைக் கேத்தீட்டரால் அந்த ஒடுக்கத்தைச் சுட்டு ஃப்ளட்டரை நிறுத்திய முடிவுகளை வெளியிட்டார்கள். வால்வின் விளிம்பிலிருந்து கீழ்ப்பெருஞ்சிரை வரை ஒரு கோடு. சில சென்டிமீட்டர்.

ஆனால் பலருக்கு ஃப்ளட்டர் திரும்பிவந்தது. சுடும்போது துடிப்பு நின்றுவிட்டால் வேலை முடிந்தது என்று நம்பியதுதான் காரணம். கோட்டில் ஒரு சிறு இடைவெளி மிஞ்சினாலும் அலை மறுநாளோ மறுமாதமோ அதன் வழியாகப் புகுந்துவிடும். 1990களின் நடுவில் பிரான்சின் ரூவான் நகரில் போட்டி, சௌதி ஆகியோரும், போர்தோ குழுவினரும் புதிய அளவுகோலை வைத்தார்கள்: ஃப்ளட்டர் நின்றதா என்று பார்க்காதே, கோட்டை இரண்டு பக்கமிருந்தும் சோதி.

இதற்கும் ஹாலோதான் சாட்சி. சீரான துடிப்பில் கரோனரி சைனஸின் வாயருகே தூண்டுகிறார்கள். கோடு முழுமையாகாதபோது, அலை ஒடுக்கத்தின் வழியாகவும் வரும், மேலே சுற்றியும் வரும்; வெளிச்சுவரின் நடுவில் இரண்டும் சந்திக்கும். ஹாலோவின் நடு இணைகளில் கீற்று கடைசியாக விழும். கோடு முழுமையானதும் கீழ்வழி அடைபட்டு, மேலிருந்து இறங்கும் ஒரே சாய்வு மட்டும் நிற்கும். முதல் இணைதான் கடைசி. பிறகு வெளிச்சுவரின் அடியில் தூண்டி, மறுதிசையிலும் அடைப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். சுட்ட கோட்டின் மேலேயே கேத்தீட்டரை நகர்த்தினால் நெடுக இரட்டைக் கீற்றுகள். இரண்டுக்கும் இடையே 110 மில்லி செகண்டுக்கு மேல் இருந்தால் அடைப்பு முழுமை என்று கொள்ளலாம். கீற்றுகள் நெருங்கிவரும் இடத்தில் கோட்டில் ஓட்டை. அங்கே மீண்டும் சுட வேண்டும்.

இந்த அளவுகோல் வந்த பிறகுதான் ஃப்ளட்டர் திரும்பிவருவது வெகுவாகக் குறைந்தது. என் கணக்கில், வெட்டியதை விடப் பெரிய முன்னேற்றம், வெட்டு முழுமையா என்று சோதிக்கக் கற்றதுதான்.

ரம்பப் பல் தெரிந்தாலே இந்த ஒடுக்கத்தில்தான் வட்டம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறவி இதயக் குறைக்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கு, தையல் தழும்பைச் சுற்றியே அலை ஓடலாம். இடது மேலறையில் ஓடலாம். ஈசிஜி அங்கெல்லாம் ஏமாற்றும். அதனால்தான் 2001இல் ஐரோப்பிய, அமெரிக்க வல்லுநர்கள் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாடு, படத்தின் தோற்றத்தை விட்டுவிட்டு, உள்ளே அளந்த பாதையை அடிப்படையாக வைத்தது.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ ஃப்ளட்டருக்கு இப்படிச் சுடும் சிகிச்சை (அப்லேஷன்) செய்திருந்தால் ஒரு வார்த்தை. வட்டம் வெட்டப்பட்டிருக்கலாம், நாடி சீராகியிருக்கலாம். ஆனால் இவர்களுள் கணிசமானவர்களுக்குப் பின்னாளில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறை ஒழுங்கின்றித் துடிக்கும் நோய், வருகிறது. அதில் பக்கவாத ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை, சரியாகிவிட்டதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். அந்த ஃபிப்ரிலேஷனின் ஊற்றைத் தேடி 1998இல் போர்தோவில் ஐசாகேர் எங்கே போனார் என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.